சம்பளம் இல்லாத பொறுப்பு: ஓசூர் எல்லையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு காலை ஆறு மணி. ஓசூர் பேருந்து நிலையத்தில் இரண்டு விதமான மனிதர்களைப் பார்க்கலாம். இரவு ஷிஃப்ட் முடிந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, டீக்கடைப் பெஞ்சில் கண் சொருகி உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு பக்கம். குளித்து, சலவைச் சட்டை போட்டு, கையில் கறுப்பு அட்டை போட்ட புத்தகத்தோடு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். சில நேரம் இரண்டும் ஒரே ஆளாகவே இருக்கும். பையில் கம்பெனிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, நேராக ஆராதனைக்குப் போகிறவர் அவர்.

'ஹொச ஊரு' என்றால் கன்னடத்தில் புது ஊர். நம் ஊர்ப் பக்கம் 'புதூர்' என்போமே, அதேதான். அந்தப் பெயர் இன்றும் பொருந்துகிறது. இங்கே பாதிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம் தொடங்கிவிடும். பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் கிருஷ்ணகிரி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் ராகியும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலம் இது. 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்த பிறகு ஊரின் முகமே மாறியது. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்துதான் சாலைக்கு வந்தது. அசோக் லேலண்ட் வந்தது. 1980-களிலேயே டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்தது. இப்போது மின்சார ஸ்கூட்டர், செல்போன் பாகங்கள் என்று பட்டியல் நீள்கிறது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

தொழிற்சாலைகளோடு திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, வேலூர் என்று பல மாவட்டத்து இளைஞர்கள் வந்தார்கள். அண்மைக் காலத்தில் ஜார்க்கண்டிலிருந்து பழங்குடிப் பெண்களும் வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் தங்கள் சாமிகளையும் கூட்டி வந்தார்கள். ஐயப்ப பூஜை குழு, அம்மன் கோயில் கூழ் ஊற்றும் குழு, மசூதிக் கமிட்டி எல்லாம் இப்படித்தான் வேர் பிடித்தன. அவற்றில் ஒன்றுதான் சிறு கிறிஸ்தவ சபை. அங்கே சம்பளமே வாங்காமல் வேலை செய்கிறவர்கள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் இந்தப் பயணம்.

நாற்காலியில் தொடங்கும் பாடம்

பெரிய கோபுரம், வண்ணக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் இங்கே தேட வேண்டாம். பாகலூர் சாலை, தளி சாலை, ராயக்கோட்டை சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் சிறு சபைகளின் தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வாடகை ஹால், இல்லையென்றால் மாடி மேல் தகரக் கூரை. ஐம்பது, அறுபது பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கீபோர்டு, ஒரு மைக் செட். வாசலில் செருப்புக் குவியல்.

இப்படிப்பட்ட இடத்தில் முழுநேர ஊழியர் என்றால் போதகர் ஒருவர்தான். சில இடங்களில் அவரும் இன்னொரு வேலை பார்த்துக்கொண்டே ஊழியம் செய்கிறவராக இருப்பார். மற்ற எல்லா வேலைக்கும் ஆள் வேண்டும். நாற்காலி போட, மைக் பார்க்க, பாட்டு தேர்ந்தெடுக்க, ஓய்வுநாள் பள்ளி நடத்த, காணிக்கை எண்ண, கணக்கு எழுத, மருத்துவமனையில் இருப்பவரைப் போய்ப் பார்க்க.

"தம்பி, அடுத்த வாரம் நாற்காலி உன் பொறுப்பு" என்று யாராவது ஒரு அண்ணன் சொல்வார். அதுதான் தொடக்கம்.

நாற்காலி போடுவது பெரிய வேலையா? பார்க்க எளிதுதான். ஆனால் ஆராதனை ஒன்பது மணிக்கு என்றால் எட்டரைக்கே வந்தாக வேண்டும். தனியாகப் போட்டால் முடியாது. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும். அவர்கள் இரவு ஷிஃப்டா, பகல் ஷிஃப்டா என்று தெரிந்திருக்க வேண்டும். முழங்கால் வலிக்கும் பாட்டிக்குச் சுவரோரம் இடம், கைக்குழந்தைக்காரிக்கு வாசலோரம் இடம் என்று யோசிக்க வேண்டும். மூன்று மாதம் இதை ஒழுங்காகச் செய்த பையனுக்கு நேரம், ஆள், இடம் மூன்றையும் கையாளத் தெரிந்துவிடும். அதற்கு 'மேனேஜ்மென்ட்' என்று பெயர் இருப்பது அவனுக்கே தெரியாது.

தொழிற்சாலையிலும் இதெல்லாம் கற்றுத்தரப்படுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். தர மேலாண்மைக்கு உலக அளவில் பெயர்பெற்ற டெமிங் பரிசை 2002-ல் பெற்றது, ஓசூரைச் சேர்ந்த டிவிஎஸ் மோட்டார். கைசன், குவாலிட்டி சர்க்கிள் என்ற சொற்கள் இந்த ஊர் டீக்கடையில்கூடப் புழங்கும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கம்பெனியில் சூப்பர்வைசர் சொன்னால் கேட்டாக வேண்டும். பின்னால் சம்பளம் இருக்கிறது. சபையில் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்ல. கோபமாக ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார். வேறு சபைக்குப் போய்விடுவார். சம்பளத்தைப் பிடிக்க முடியாது, மெமோ கொடுக்க முடியாது. அன்பாகக் கேட்டும், தானே முதலில் செய்து காட்டியும்தான் வேலை வாங்க முடியும்.

நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1989-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத்தான் வலியுறுத்தினார். லாப நோக்கமற்ற அமைப்புகளிடமிருந்து கம்பெனிகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பது அவர் வாதம். சம்பளம் இல்லாத ஒருவரை வாராவாரம் வரவைக்க, செய்கிற வேலைக்கு ஓர் அர்த்தம் இருக்க வேண்டும். அவருக்குப் பயிற்சியும் மரியாதையும் கிடைக்க வேண்டும். ஓசூரின் நாற்காலி போடும் தம்பிக்கு இதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி, 1895

ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகக் கிழக்கே வந்தால், மாந்தோப்புகள் தொடங்கும்போது கிருஷ்ணகிரி வந்துவிட்டது என்று பொருள். வடக்கே போகும் வழி, தெற்கே சேலம் போகும் வழி, கிழக்கே சென்னை போகும் வழி எல்லாம் சந்திக்கும் ஊர். இத்தனை சாலைகள் இருந்தும் நகருக்கு இன்றும் ரயில் நிலையம் இல்லை. தலைக்கு மேலே திப்பு காலத்துப் போர்களைப் பார்த்த மலைக்கோட்டை.

இந்த ஊருக்கு 1895-ல் தியோடர் நேதர் என்ற ஜெர்மானியர் வந்தார். அவரும் நண்பர் ஃபிரான்ஸ் மோனும் முன்பு லைப்சிக் மிஷனைச் சேர்ந்தவர்கள். கொள்கை வேறுபாட்டால் அதிலிருந்து விலக நேர்ந்தது. அமெரிக்காவின் மிசௌரி சினாடு என்ற லுத்தரன் திருச்சபை 1894-ல் இருவரையும் தன் மிஷனரிகளாக ஏற்று அனுப்பியது. நேதர் கிருஷ்ணகிரியைத் தேர்ந்தெடுத்தார். மோன் ஆம்பூருக்குப் போனார். இன்று தமிழ்நாடு, கேரளம் எங்கும் பரவியிருக்கும் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் கதை இப்படி இந்த எல்லை ஊரில்தான் தொடங்குகிறது.

அந்தக் கதை எளிதாக நகரவில்லை. 1896-ல் பம்பாயில் கால் வைத்த பிளேக் நோய், 1898-ல் பெங்களூரை எட்டியது. எல்லையோர ஊர்கள் நடுங்கின. 1904-ல் கிருஷ்ணகிரியில் நேதர் பிளேக் நோய்க்கே பலியானார். ஒன்பது ஆண்டு உழைப்பு அத்தோடு நின்றது.

ஒரு தலைவர் திடீரென்று போய்விட்டால், அவர் கட்டியது நிற்குமா? சிறு சபைகள் எல்லாவற்றுக்கும் எதிரே நிற்கும் கேள்வி இது. எல்லாச் சாவியும் ஒரே ஆளின் இடுப்பில் இருந்தால், அந்த ஆளோடு எல்லாமே போய்விடும். வேதம் வாசிக்கத் தெரிந்த ஒரு உள்ளூர் உபதேசியார், பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியர், கணக்கு வைத்திருக்கும் ஒரு மூப்பர் இருந்தால் சபை நிற்கும்.

இதே பாடத்தை இன்னும் பெரிய அளவில் கற்றது தரங்கம்பாடி. முதல் உலகப் போரின்போது ஜெர்மானிய மிஷனரிகள் இந்தியாவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஆண்டுக்கணக்கில் அவர்களை நம்பியிருந்த லுத்தரன் சபைகள் தவித்தன. ஆனால் கலையவில்லை. 1919 ஜனவரியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக உருவானது. இருந்தும் அதன் ஆயர் பொறுப்புக்கு முதல் இந்தியரான ராஜா மாணிக்கம் வர 1956 ஆனது. கிருஷ்ணகிரியில் வேர் விட்ட திருச்சபை 1958-ல் இந்தியத் திருச்சபையாக அமைந்தது. பொறுப்பைக் கைமாற்றுவது எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதற்கு இந்த ஆண்டுகளே சாட்சி.

பார், ஆராய், செய்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கத்தோலிக்கர்களின் தடம் இன்னும் பழையது. எலத்தகிரி, கந்திகுப்பம், மத்திகிரி என்று பழைய பங்குகள் பல உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சேர்ந்த தர்மபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997-ல்.

பங்கு பெரிதாக இருந்தாலும், தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் அதைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் அன்பியம். ஒரு தெரு, இரண்டு தெரு, சில பத்துக் குடும்பங்கள். மாதத்தில் சில நாள் மாலை ஒரு வீட்டில் கூடுவார்கள். செபம் முடிந்ததும் பேச்சு தொடங்கும். யார் வீட்டில் காய்ச்சல், யார் பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் குறைகிறது, யாருக்கு வேலை போனது. கூட்டத்தை நடத்துவது பெரும்பாலும் அந்தத் தெருப் பெண்களில் ஒருவர்தான். முதல் கூட்டத்தில் முந்தானையைத் திருகிக்கொண்டே நாலு வார்த்தை பேசுகிறவர், ஓர் ஆண்டு கழித்து வார்டு கவுன்சிலரிடம் தண்ணீர் குழாய்க்கு மனு எழுதிக்கொண்டு போவார்.

தொழிற்சாலை ஊருக்கென்றே பிறந்தது போன்ற இன்னொரு வழியும் உண்டு. பெல்ஜியத்தில் ஜோசப் கார்டின் என்ற குரு இருந்தார். எளிய குடும்பம். தன்னோடு படித்த பையன்கள் சின்ன வயதிலேயே ஆலைக்குப் போய், கோயிலை வெறுக்கிறவர்களாக மாறியதைப் பார்த்தார். அந்த வலியில் பிறந்தது இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம். 1925-ல் அது முறையாக அமைந்தது. பிரசங்கம் கேட்கிறவர்களாக இளைஞர்களை அவர் உட்கார வைக்கவில்லை. மூன்று படி கற்றுக்கொடுத்தார். முதலில் பார். பிறகு ஆராய்ந்து முடிவு செய். பிறகு செயல்படு.

கேட்க எளிது. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் பெண்ணிடம், "உன் லைனில் என்ன நடக்கிறது என்று நீயே பார்த்து வந்து சொல்" என்று ஒருவர் கேட்பதே பெரிய விஷயம். அவள் பார்த்ததற்கு மதிப்பு உண்டு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது.

கூலி உயர்வு கேட்ட பிரசங்கியார்

வழிபாட்டு இடத்தில் பேசப் பழகியவர்கள் வெளியே போய் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டார்கள். இதற்கு வரலாற்றில் சான்று நிறைய.

இங்கிலாந்தில் டால்படில் என்ற சின்ன கிராமம். விவசாயக் கூலியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். ஆறு தொழிலாளர்கள் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். முன்னின்றவர் ஜார்ஜ் லவ்லெஸ். சம்பளமில்லாத மெதடிஸ்ட் பிரசங்கியார். பிரசங்க மேடைதான் அவருக்கு நாலு பேர் முன்னால் கோவையாகப் பேசக் கற்றுக்கொடுத்தது. 1834-ல் ஆறு பேருக்கும் ஏழு ஆண்டு நாடு கடத்தல் தண்டனை கொடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். மக்கள் கொதித்தெழ, 1836-ல் மன்னிப்பு கிடைத்தது. தொழிற்சங்க வரலாற்றில் அவர்கள் இன்றும் கொண்டாடப்படுகிறார்கள்.

அதற்கும் முன்பே, 1780-ல், குளோஸ்டர் நகரப் பத்திரிகையாளர் ராபர்ட் ரைக்ஸ், வாரம் முழுக்க ஆலையில் உழைத்து ஞாயிறன்று தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை பள்ளி என்ற பெயர் பரவியது அப்போதுதான். அவரது முதல் ஆசிரியைகளுக்குச் சிறு கூலி கொடுக்கப்பட்டது. பிறகு அது தன்னார்வலர்கள் கைக்கு வந்தது. ஓசூரில் இன்று ஓய்வுநாள் பள்ளி நடத்தும் பிளஸ் டூ மாணவி, தன்னைவிடப் பத்து வயது சின்னப் பிள்ளைகள் இருபது பேரை ஒரு மணி நேரம் கட்டிப்போடக் கற்கிறாள். எந்த நேர்முகத் தேர்வும் அதைவிடக் கடினமாக இருக்காது.

நம் பக்கத்துச் சான்றும் இருக்கிறது. 1874-ல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. படித்து முடித்ததும் ஒய்எம்சிஏ பணிக்குப் போனார். ஊர் ஊராகச் சுற்றி இளைஞர்களைத் திரட்டினார். 1903-ல் வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல், திருநெல்வேலி மக்களின் காணிக்கையாலேயே நடக்கும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்குவதில் முன்னின்றார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். வெள்ளைக்காரர்கள் கையில் மட்டுமே இருந்த பதவி அது. பனங்காட்டு கிராமத்துப் பையன் அங்கே போய் நின்றதற்குப் பின்னால், பதவியே இல்லாமல் ஆள் சேர்த்து, பணம் சேர்த்து, கணக்குக் காட்டிய ஆண்டுகள் இருந்தன.

1995-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வும் இதைத் தொட்டது. சிட்னி வெர்பாவும் அவரது இரு சகாக்களும் 15,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசித் தொடங்கிய ஆய்வு அது. கடிதம் எழுதுவது, கூட்டம் நடத்துவது, மேடையில் பேசுவது போன்ற திறன்களைச் சாதாரண மக்கள் எங்கே பழகுகிறார்கள்? வேலையிடத்தில் அந்த வாய்ப்பு ஏற்கெனவே படித்தவர்களுக்கும் மேல்பதவியில் இருப்பவர்களுக்குமே அதிகம். சர்ச்சில் அது ஏழைக்கும் பணக்காரனுக்கும் கிட்டத்தட்டச் சமமாகக் கிடைக்கிறது. சபையாரே நிர்வாகத்தில் பங்கெடுக்கும் இடங்களில் இன்னும் கூடுதல் என்றது அந்த ஆய்வு. கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர் சபையில் பொருளாளராக இருக்கலாம். அவர் வாசிக்கும் கணக்கை, கீழே உட்கார்ந்து அவருடைய மேலாளரே கேட்டுக்கொண்டிருக்கலாம்.

டிசம்பர் இரவும் உண்டியல் நோட்டும்

ஓசூரில் டிசம்பர் குளிர் கொஞ்சம் கடுமைதான். அந்தக் குளிரில்தான் கேரல்ஸ் ரவுண்டு. ஒரு வேன், ஒரு கித்தார், ஒரு டிரம், குல்லா போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா. இரவு எட்டுக்குக் கிளம்பினால் நள்ளிரவு தாண்டியும் வீடு வீடாகப் போக வேண்டும். யார் வீடு எந்தத் தெரு, எந்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறது, எந்த வீட்டில் இந்த ஆண்டு துக்கம், எங்கே டிரம் அடிக்கக் கூடாது, பக்கத்து வீட்டார் தூங்கும் நேரம் எது... எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசைப்படுத்துகிறவர் இருபது வயது ஐடிஐ மாணவராக இருப்பார். பாடகர்களில் பாதிப் பேருக்கு முதல் ஷிஃப்ட்; விடிகாலை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவர்களை முதலில் இறக்கிவிட வேண்டும். ஒரு தொழிற்சாலையின் உற்பத்தித் திட்டத்துக்கு இது குறைந்ததல்ல.

அறுப்பின் பண்டிகை இன்னொரு பாடசாலை. கிருஷ்ணகிரிப் பக்கம் பூசணி, தேங்காய், ராகி, கோழி, சீசன் இருந்தால் மாம்பழக் கூடை என்று காணிக்கையாக வரும். எல்லாம் ஏலம் போகும். ஏலம் விடுகிறவருக்குக் குரல் வேண்டும். அதைவிட அளவு தெரிய வேண்டும். வசதியுள்ளவர் விலை ஏற்றும்போது சிரிக்க வைக்கலாம். பத்து ரூபாய்க்குக் கேட்ட விதவைத் தாயின் கையில் ஒரு தேங்காயாவது போய்ச் சேர வேண்டும். கூட்டத்தின் முகத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு அந்த மைக்கைக் கொடுக்கமாட்டார்கள்.

காணிக்கை எண்ணும் மேசைதான் எல்லாவற்றிலும் கண்டிப்பான வகுப்பறை. நன்றாக நடக்கும் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. உண்டியலை ஒருவர் தனியாகத் திறப்பதில்லை. இரண்டு பேர் எண்ணுவார்கள். மூன்றாமவர் நோட்டில் எழுதுவார். மூவரும் கையெழுத்துப் போடுவார்கள். தொகை அடுத்த வாரம் எல்லார் முன்னும் வாசிக்கப்படும். யார் மீதும் சந்தேகம் இருப்பதால் செய்வதல்ல இது. நாளை யாரும் அவர்களைச் சந்தேகிக்க இடம் வரக் கூடாது என்பதற்காகச் செய்வது. இந்தப் பழக்கம் கையில் ஏறியவர், பின்னாளில் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போனாலும் அதையே செய்வார்.

யாரும் இல்லாத ஊரில் ஒரு மரணம்

இத்தனையும் எதற்கு என்ற கேள்விக்கு விடை, ஒரு மரணம் நடக்கும்போதுதான் தெரியும்.

பிழைக்க வந்த ஊரில், வாடகை வீட்டில் ஓர் உயிர் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் 500 கிலோமீட்டர் தள்ளி. மனைவிக்கு அழக்கூடத் தெரியாமல் திகைப்பு. உறவினர்கள் வந்து சேர ஒரு பகலோ இரவோ ஆகும். வீட்டுக்காரர் வாசலில் நின்று யோசிக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் இடம் யாரிடம் கேட்பது? பெரிய திருச்சபைகளுக்குச் சொந்தத் தோட்டம் இருக்கும். சின்ன சபைகளுக்குப் பெரும்பாலும் இருக்காது. ஊருக்கே எடுத்துப் போவதென்றால் ஆம்புலன்ஸ், குளிர்பெட்டி, சான்றிதழ்.

அந்த நேரத்தில் முதல் போன் யாருக்குப் போகிறதோ, அவர்தான் அந்தச் சபையின் உண்மையான தலைவர். அவர் பெயருக்கு முன்னால் பட்டம் இருக்காது. நாற்காலி போட்டுத் தொடங்கிய அதே ஆள்தான். "அக்கா, நீங்க பிள்ளைங்களைப் பாத்துக்கோங்க. அண்ணே, நீங்க ஹாஸ்பிடல் பேப்பரைப் பாருங்க. தம்பி, வண்டி பேசு" என்று மூன்று வரியில் வேலையைப் பிரிப்பார். வீட்டுக்காரரிடம் கை கூப்பிப் பேசுவார். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டம்மாவிடம் தெலுங்கில் தண்ணீர் கேட்பார். கட்டில், சாமியானா, காபி எல்லாம் வந்துவிடும். பணக் கணக்கை அன்று பேசமாட்டார். பதினைந்து நாள் கழித்து, அந்தப் பெண்ணின் கையில் எல்லா ரசீதும் அடங்கிய ஒரு கவரைக் கொடுப்பார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வழிபாட்டுத் தலங்கள் எல்லாம் மூடப்பட்டன. எல்லையும் மூடியது. அப்போதும் இப்படிப்பட்ட போன் பட்டியல்கள்தான் பல இடங்களில் கை கொடுத்தன. எந்த அறையில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், யார் வீட்டில் அரிசி தீர்ந்தது என்பது, வாராவாரம் வருகிறவர்களை எண்ணிப் பழகியவருக்குத்தான் தெரியும். கோயில், மசூதி, சர்ச் என்ற வித்தியாசம் இதில் இல்லை. எங்கெல்லாம் அண்டா தூக்கிப் பழகியவர்கள் இருந்தார்களோ, அங்கெல்லாம் சோறு வெந்தது.

சாவியைக் கொடுக்காத கை

வெளிச்சம் மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். தொண்டு செய்து தலைவரானவர் எல்லாரும் கடைசிவரை தொண்டராகவே இருப்பதில்லை. பத்தாண்டு பொருளாளராக இருந்தவருக்கு நாற்காலி ஒட்டிக்கொள்ளும். "நான் இல்லாவிட்டால் இந்தச் சபை என்னாகும்" என்று அவர் சொல்லத் தொடங்கும்போது சிக்கல் ஆரம்பம். தேர்தலில் சாதி பார்த்து ஓட்டுக் கேட்பதும், சொத்துக்காக நீதிமன்றம் போவதும் தமிழ்நாட்டுத் திருச்சபைகளுக்குப் புதிதல்ல.

பெண்கள் கதை இன்னொன்று. சமையலுக்கும் பாட்டுக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கும் பெண்கள். முடிவெடுக்கும் கமிட்டியில் ஆண்கள் என்ற பழக்கம் பல இடங்களில் இன்னும் மாறவில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவானது. அதன் முதல் பெண் பேராயராகப் புஷ்பலலிதா ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்தில் பொறுப்பேற்றது 2013-ல். இடையில் 66 ஆண்டுகள். கத்தோலிக்கத்தில் குருத்துவம் இன்றும் ஆண்களுக்கு மட்டுமே. அன்பியக் கூட்டம் நடத்தும் பெண்ணுக்குத் திறமை இருக்கிறது. அதற்கு ஏற்ற இடம் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

உடம்பும் ஒரு கேள்வி. ஆறு நாள் ஷிஃப்ட், ஏழாம் நாள் சபை என்றால் வீட்டுக்கு எப்போது? எப்போதும் 'சரி' என்று சொல்கிற ஒரே ஆளின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றி, அவர் சோர்ந்து விலகிய பிறகு "முன்பு நல்லா செஞ்சாரே" என்று வருந்துவது எங்கும் நடக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்த மூத்தவர்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் காலக்கெடு வைக்கிறார்கள். பொறுப்பில் இருக்கும்போதே அடுத்த ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குகிறார்கள். நல்ல தலைவர் யார் என்று கண்டுபிடிக்க இதுவே சுலபமான வழி: அவர் ஒரு ஞாயிறு வராவிட்டாலும் ஆராதனை நேரத்துக்குத் தொடங்க வேண்டும்.

மீண்டும் நாற்காலி

கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது வெயில் தாழ்ந்திருக்கும். சூளகிரியைத் தாண்டினால் ரோஜாப் பூ வளரும் பசுமைக் குடில்கள், அதற்கப்பால் தொழிற்சாலைக் கூரைகள். ஓசூருக்குள் நுழையும்போது சந்திரசூடேஸ்வரர் மலைமேல் விளக்கு தெரியும். அங்கேயும் பிரதோஷத்துக்குப் பூ கட்டவும் வரிசையை ஒழுங்கு செய்யவும் யாரோ நாலு பேர் சம்பளமில்லாமல் நிற்பார்கள்.

ஏதோ ஒரு மாடி ஹாலில் மாலைக் கூட்டம் முடிந்திருக்கும். காலையில் நாற்காலி போட்ட இளைஞன் இப்போது அதை அடுக்குகிறான். பக்கத்தில் ஒரு புதுப் பையன். போன வாரம்தான் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவன், யாரோடும் பேசாமல் சுவரோரம் நிற்கிறான்.

"தம்பி, அந்தப் பக்கத்தைப் பிடி. பத்துப் பத்தா அடுக்கு. அடுத்த வாரம் எட்டரைக்கு வந்துடுறியா?"

பையன் தலையாட்டுகிறான். நேதர் கிருஷ்ணகிரிக்கு வந்து நூற்று முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் புது ஊரில் ஒருவனுக்கு முதல் பொறுப்பு கிடைத்துவிட்டது.